வாசகர் கேள்வி – பதில்: சீனம், ஜப்பானியம், கொரியம் மேற்படிப்பு

கிழக்காசிய மொழிகளையும் வரலாற்றையும் முதுகலை, முனைவர் பட்ட அளவில் படிப்பது பற்றி வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில். எந்த வகுப்பில் சேரலாம், கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டவற்றை ஒதுக்கிவிட்டோம்.

பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். சோழர் – சீனர் வணிகத்தில் ஆய்வு செய்ய ஆசை. சீன மொழி எவ்வளவு தெரிந்தால் போதும்? – மாணவி, கும்பகோணம்

எந்தச் சீனம் என்பதுதான் முதல் கேள்வி. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனாவின் சோங் வம்ச அரசவைக்குப் போன செய்தி சோங் வரலாற்று நூலில் இருக்கிறது. அது இன்று பெய்ஜிங்கில் பேசும் மொழியில் எழுதப்பட்டதல்ல. வென்யான் எனப்படும் செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டது. தினசரிச் சீனம் மட்டும் கற்றவர் அதைத் திறந்தால், அன்றாடத் தமிழ் மட்டும் தெரிந்தவர் பதிற்றுப்பத்தைத் திறந்த கதைதான். எழுத்துகள் தெரிந்தவை, சொற்களும் பாதி தெரிந்தவை, பொருள் மட்டும் பிடிபடாது.

ஆகவே வரிசை இது. முதல் இரண்டு ஆண்டுகள் நவீன சீனம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குச் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றுக்கும் 88 வாரம், 2,200 வகுப்பு நேரம் ஒதுக்குகிறது. அது வேறு வேலையே இல்லாமல் படிக்கிறவர்களின் கணக்கு. கல்லூரிப் படிப்போடு சேர்த்துப் படித்தால் இன்னும் நீளும். அடிப்படை வாக்கியங்கள் கைவந்ததும், பேச்சுத் திறன் முழுதாக வரட்டும் என்று காத்திராமல், வென்யானைத் தொடங்கிவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து வரி நகர்ந்தால் போதும். பழைய பிரதிகளில் நிறுத்தற்குறி கிடையாது. எழுவாய் அடிக்கடி தொக்கி நிற்கும். நிறுத்தற்குறி இல்லாத பத்தியைக் கையால் எழுதி, எங்கே நிறுத்துவது என்று நீங்களே குறியிட்டு, பிறகு அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளி இடாத, சொல் பிரிக்காத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவருக்கு இந்த வேலை அவ்வளவு அந்நியமாக இருக்காது.

இரண்டு இடங்களில் மாணவர்கள் சறுக்குகிறார்கள். ஒன்று எழுத்து வடிவம். இந்தியாவில் பெரும்பாலான வகுப்புகள் 1950களில் சீனாவில் வந்த எளிமையாக்கப்பட்ட எழுத்தையே கற்றுத்தருகின்றன. பழைய நூல்கள் இருப்பது மரபு வடிவத்தில். தைவானில் இன்றும் மரபு வடிவம்தான் நடப்பு என்பதால், அந்நாட்டு அரசின் ஹுவாயூ மொழி உதவித்தொகை பெற்று ஓராண்டு அங்கே படிப்பது உங்களுக்கு மிகவும் பொருந்தும். அவர்களுடைய பிரதிநிதி அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. இன்னொன்று பெயர்கள். வெளிநாட்டுப் பெயர்களைச் சீனர் ஒலிக்கேற்ப எழுத்துகளில் அடுக்குவார்கள். சோழம் 'சூ-நியன்' ஆகிவிடும். எது பெயர், எது பொருளுள்ள சொல் என்று தெரியாமல் பெயரையும் மொழிபெயர்த்துவிடுவது தொடக்கநிலையினர் எல்லோரும் செய்யும் பிழை.

நவீன சீனம், வென்யான் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது மொழியாக, ஜப்பானியம் படிக்கும் அளவுக்காவது வேண்டும். சீனாவின் சுவான்சோ துறைமுகக் கண்காணிப்பாளர் பூ ஷோகெங் பற்றிய அடிப்படை ஆய்வை எழுதியவர் குவபரா ஜித்சுசோ. சோழர் கல்வெட்டுகளை எண்ணிக்கை வழியே ஆராய்ந்த நொபொரு கராஷிமாவும் ஜப்பானியரே. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சீன வரலாற்று முனைவர் மாணவரிடம் ஜப்பானிய வாசிப்புத் திறனை எதிர்பார்ப்பதும் இதனால்தான்.

உங்கள் பலம் வேறிடத்தில் இருக்கிறது. சுவான்சோவில் கிடைத்த கல்வெட்டு சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281. 'செகசை கான்' என்ற மங்கோலிய மன்னரின் திருமேனி நலத்துக்காக ஒரு சிவன் கோயில் எடுத்ததைத் தமிழில் சொல்லி, கடைசி வரியைச் சீனத்தில் முடிக்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் மூலத்தில் படிக்கக்கூடியவர்கள் உலகில் மிகச் சிலரே. எனவே சீனம் படிக்கும் ஆண்டுகளில் தமிழ்க் கல்வெட்டியலை விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் தொடங்க டெல்லி பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறை, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், 1937இல் தொடங்கிய சாந்திநிகேதனின் சீன பவனம் ஆகியவை உண்டு.

ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 தேறியுள்ளேன். எடோ கால (1603–1868) வரலாற்றில் எம்.ஏ. செய்ய ஜப்பான் போக இது போதுமா? – வாசகர், பெருங்குடி, சென்னை

வாசலுக்கு வந்துவிட்டீர்கள் என்று சொல்லலாம். வரலாற்றுத் துறை வகுப்பும் ஆய்வேடும் ஜப்பானியத்தில்தான் என்பதால் பெரும்பாலும் அதற்கு மேல்நிலையான என்1 கேட்பார்கள். மொத்தம் 180க்கு 100 எடுக்க வேண்டும். மூன்று பிரிவில் ஏதாவது ஒன்றில் 60க்கு 19க்குக் குறைந்தால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. வேலைக்குப் போகிறவர்கள் வாசிப்பில் நிறைய எடுத்து, கேட்டல் பிரிவில் கோட்டை விடுவது வழக்கம்.

ஆனால் என்1 வாங்கியவராலும் எடோ கால ஆவணம் ஒன்றைப் படிக்க முடியாது. அதற்கு நான்கு தனிப் பயிற்சிகள் வேண்டும். முதலாவது பழைய இலக்கணமான புங்கோ, இதற்கு ஓராண்டு. இரண்டாவது கான்புன், செவ்வியல் சீன வாக்கியத்தின் ஓரத்தில் சிறு குறிகளிட்டு, சொற்களை முன்பின்னாக மாற்றி ஜப்பானியமாகப் படிக்கும் முறை. மூன்றாவது சோரோபுன், மனுக்களும் கடிதங்களும் எழுதப்பட்ட நடை, வினைகள் வரிசையாக 'சோரோ' என்றே முடியும். சூத்திரங்கள் குறைவு என்பதால் நான்கில் இதுவே எளிது. நான்காவதும் கடினமானதும் குசுஷிஜி என்கிற கூட்டெழுத்து. 1900இல் பள்ளி எழுத்து ஒழுங்குபடுத்தப்படும்வரை ஒரே ஒலிக்குப் பல ஹிராகனா வடிவங்கள் புழங்கின. தூரிகை ஓட்டத்தில் அவை ஒன்றோடொன்று இழைந்துவிடும். 'மிவோ' என்ற இலவசச் செயலி கைபேசியிலேயே படித்துக் காட்டும். மரப்பலகை அச்சு நூல்களில் நன்றாக வேலை செய்கிறது, கையெழுத்து ஆவணங்களில் தடுமாறுகிறது. அதன் விடையைச் சரிபார்க்கத் தெரியாதவர் அதை நம்பக்கூடாது.

உதவித்தொகைக்கு மெக்ஸ்ட் என்ற ஜப்பான் அரசுத் திட்டத்தைப் பாருங்கள். தூதரகப் பரிந்துரை வழியில் அறிவிப்பு வழக்கமாக ஏப்ரலில் வரும். 35 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேர்முகம் எனப் போகும். முதல் கட்டம் தேறிய சான்று கையில் வந்த பிறகு பேராசிரியர்களுக்கு எழுதி, 'நைதாகு' எனப்படும் இசைவுக் கடிதம் வாங்க வேண்டும். அதற்குக் கிடைப்பது சில வாரங்களே. ஆகவே யாருக்கு எழுதுவது என்ற பட்டியலை விண்ணப்பிக்கும் முன்பே வைத்திருங்கள். ஜப்பான் போனதும் பலர் முதலில் 'கென்கியூசெய்' என்கிற ஆய்வு மாணவராகச் சேர்ந்து, அங்கிருந்தபடி எம்.ஏ. நுழைவுத்தேர்வு எழுதுகிறார்கள். அது பட்டமல்ல, காத்திருப்புப் படி. உதவித்தொகை அண்மைக் காலத்தில் ஆய்வு மாணவருக்கு மாதம் 1,43,000 யென் என்ற அளவில் இருந்தது.

விண்ணப்பங்கள் வீழ்வது பெரும்பாலும் ஆய்வுத் திட்டத்தில். 'எடோ காலச் சமூகமும் பண்பாடும்' என்று எழுதினால் முடிந்தது கதை. ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு ஷோகுன் எனப்படும் படைத்தலைவரின் அரசு 1730இல் அங்கீகாரம் தந்தது; அங்கே அரிசி மூட்டைக்குப் பதிலாகக் கிடங்குச் சீட்டுகள் கைமாறின. அந்தச் சீட்டுகள் குறித்து ஒரு கேள்வி, ஆவணங்கள் எந்த நூலகத்தில் உள்ளன, அவற்றைப் படிக்க உங்களிடம் என்ன பயிற்சி இருக்கிறது என்ற மூன்றும் இரண்டு பக்கத்தில் வர வேண்டும். அனிமே மீதான காதலுக்கு அங்கே இடமில்லை.

தமிழ் தாய்மொழியாக இருப்பது இம்மொழிகளைப் படிக்க உதவுமா? – ஆசிரியை, நாகர்கோவில்

ஜப்பானியத்துக்கும் கொரியத்துக்கும் நன்றாகவே உதவும். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், பெயரெச்சம் பெயருக்கு முன்னால் என அமைப்பு அப்படியே பொருந்துகிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' ஜப்பானியத்தில் 'கினோ கட்தா ஹொன்': சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'தெ' வடிவம் என்று பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவது நம் வினையெச்சம்தான். 'செய்து பார்' என்பதற்கு 'ஷிதெ மிரு', கொரியத்தில் 'ஹே போதா'. மூன்றிலும் துணைவினை 'பார்'. 'வாங்கி வை' என்பதற்குக் 'கட்தெ ஒகு', அங்கும் துணைவினை 'வை'. ஆங்கில வழிப் பாடநூலை மட்டும் நம்பாமல் பக்கத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். பாதி இலக்கணம் தானே விளங்கும்.

உச்சரிப்பில்தான் இடர். சீனத்தின் இரு வகைப் பகரமும் குரலில்லா ஒலிகளே. மூச்சு வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. நாம் ஒன்றை 'பல்', இன்னொன்றை 'கம்பன்' போல ஒலித்துவிடுகிறோம். உதட்டின் முன் மெல்லிய காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பழகுங்கள். ஒன்றுக்குக் காகிதம் அசைய வேண்டும், மற்றதற்கு அசையக் கூடாது.

கொரிய மொழித் தேர்வில் நான்காம் நிலை. கொரிய அரசி ஹோ ஹ்வாங்-ஓக் தமிழச்சி என்றும், தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்றும் நிறுவ பிஎச்.டி. செய்யலாமா? – வாசகி, மதுரை

'நிறுவ' என்று தொடங்கினால் எந்தத் துறையும் சேர்த்துக்கொள்ளாது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சான்று தேடுவதற்கு ஆய்வு என்று பெயரில்லை.

கடல் கடந்து வந்து கொரிய மன்னர் சூரோவை மணந்த அந்த அரசியின் கதை வருவது 'சம்குக் யூசா' என்ற தொகுப்பு நூலில். அதைத் தொகுத்த துறவி இர்யோன் 1206 முதல் 1289 வரை வாழ்ந்தவர். கதை சொல்வதோ கி.பி. 48ஐப் பற்றி. இடையில் பன்னிரண்டு நூற்றாண்டுகள். நூல் சொல்லும் நாடு 'ஆயுதா'. அதை அயோத்தி என்றும் ஆய் நாடு என்றும் சொல்வதெல்லாம் ஒலி ஒப்புமை மட்டுமே. நூலின் மொழி கொரியம்கூட அல்ல, செவ்வியல் சீனம். ஹங்குல் எழுத்து அறிவிக்கப்பட்டதே 1446இல். அதற்குப் பிறகும் அரசவைக் குறிப்புகள் சீனத்திலேயே எழுதப்பட்டன. எனவே நாடகம் பார்த்து வளர்த்த கொரியத்தோடு ஹன்முன் என்கிற சீனப் பயிற்சியும் உங்களுக்குக் கட்டாயம்.

மொழி ஒப்பீடு புதிதல்ல. அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905லேயே கொரிய – திராவிட ஒப்பிலக்கணம் எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. காரணம் எளியது. அப்பா, அம்மா போன்றவை குழந்தை மழலையிலிருந்து உலகெங்கும் எழும் சொற்கள். 'நான் – நா', 'நீ – நோ' போன்ற ஓரசைச் சொற்கள் தற்செயலாகவும் ஒத்துப்போகும். உறவு என்றால் ஒலிகள் ஒழுங்காக மாற வேண்டும்: இங்கே இந்த ஒலி வந்தால் அங்கே எப்போதும் அந்த ஒலி என்று பல சொற்களில் காட்ட வேண்டும். அதுவும் இன்றைய சொற்களை அல்ல, 15ஆம் நூற்றாண்டுக் கொரியத்தையும் மூலத்திராவிட வடிவங்களையும் வைத்து. முந்தைய பதிலில் சொன்ன 'பார்' துணைவினையும் உறவுக்குச் சான்றாகாது; வினை கடைசியில் வரும் மொழிகளில் இத்தகைய அமைப்பு பரவலாக உண்டு.

இதே ஆர்வத்தில் நல்ல தலைப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்தக் கதையை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்தினார்கள்? கிம்ஹே கிம் குலத்தினர் தம் வம்சாவளியில் அவளை வைத்தது, 2001இல் அயோத்தியில் நினைவிடம் எழுந்தது, இன்று தமிழ்க் காணொளிகளில் அவள் குமரி நாட்டவள் ஆனது: மூன்றாவதை ஆராயத் தமிழ் தெரிந்தவரைவிடத் தகுந்தவர் யார்?

கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையில் முனைவர் படிப்புக்கு ஓராண்டு மொழிப் பயிற்சியும் மூன்றாண்டு படிப்பும் சேரும். ஐந்தாம் நிலை வாங்கிவிட்டால் மொழி ஆண்டு விலக்கு. 40 வயதுக்குள் இருக்க வேண்டும். தூதரக வழி, பல்கலைக்கழக வழி என இரண்டு உண்டு. இரண்டிலும் விண்ணப்பித்தால் தகுதி நீக்கம். மொழித் தேர்வுச் சான்று இரண்டு ஆண்டுக்கே செல்லும், தேதியைப் பாருங்கள்.

மகள் அமெரிக்காவில் கிழக்காசியத் துறையில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். கடன் வாங்கலாமா? – தந்தை, சேலம்

வேண்டாம். அங்கே எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் பண உதவி கிடையாது. முனைவர் படிப்புக்குத்தான் கட்டண விலக்கும் மாதத் தொகையும் தருகிறார்கள். பல்கலைக்கழக இணையப் பக்கங்களில் 'ஃப்ளாஸ்' என்ற மொழி உதவித்தொகை பெரிதாகத் தெரியும். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். எம்.ஏ.வை இந்தியாவிலோ அரசு உதவித்தொகையில் தைவான், ஜப்பான், கொரியாவிலோ முடித்துவிட்டு, பிறகு அமெரிக்க முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். யு.ஜி.சி. நெட் தேர்வில் சீனம், ஜப்பானியம் இரண்டும் தனிப் பாடங்கள்; ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் என்பது 2023இல் உயர்த்திய அளவு. வேலையைப் பொறுத்தவரை பேராசிரியர் பணியிடங்கள் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. மொழி நன்றாக வந்தவருக்கு மொழிபெயர்ப்பிலும் நிறுவனங்களிலும் வேலை உண்டு. அதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டில் மூன்று மொழியிலும் ஒரே செய்திதானா? – மாணவர், யாழ்ப்பாணம்

இல்லை. சீனப் பேரரசு அளித்த காணிக்கைகளைச் சொல்லும் கல் அது. காணிக்கைகள் ஒத்துப்போகின்றன: 1,000 பொன், 5,000 வெள்ளி என்று. கொடுக்கப்பட்டவர்தான் வேறு. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவுந்தறையின் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் என்கின்றன. கல்லில் உள்ள தேதி 1409. 1911இல் காலியில் கிடைத்து, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றில் பாரசீகம்தான் மிகவும் சிதைந்தது. களனிப் பல்கலைக்கழகத்தில் சீனம் கற்பிக்கிறார்கள், அங்கே தொடங்கலாம். கல்லை நேரில் பார்க்கப் போகும்போது சாய்வெளிச்சம் விழும் கைவிளக்கு ஒன்று கொண்டுபோக அனுமதி கேளுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது.