மாத்திரைக்கு முன் தொடைத் தசையைக் கவனியுங்கள்

வணக்கம். நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடந்தும், 74 வயதான உங்கள் தந்தையாரால் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்றும், ஆயுளை நீட்டுவதாக விளம்பரம் செய்யப்படும் ரெஸ்வெரட்ரால் மாத்திரையை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து நடத்திய சோதனையில் அது எலிகளின் ஆயுளைக்கூட நீட்டவில்லை.

நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் வயதோடு தேயும் தொடைத் தசையை மீட்க அது மட்டும் போதாது. 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்த மரியா ஃபியாட்டரோன் குழுவினர், அதை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியதைக் கண்டனர். அந்த வயதிலேயே இயன்றது உங்கள் தந்தையாருக்கும் இயலும் என்று நம்புகிறேன்.

சுவரோரம் நாற்காலியைப் போட்டு, இருக்கையில் தலையணை வைத்து உயர்த்தி, வாரத்தில் மூன்று நாள் பத்து முறை மெல்ல எழுந்து அமரச் செய்யுங்கள். பழகியபின் தலையணையை எடுத்துவிடலாம். இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் எனக்குக் கவலை தருகிறது. சிறுநீரகக் கோளாறு இல்லையெனில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் சேரும்படி முட்டை, பயறு, தயிர் கொடுங்கள். தளர்ச்சி சில வாரங்களுக்குள் வந்ததென்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.