ஆய்வுக்குப் பணம் கொடுத்தேன், கண்டுபிடிப்பு எனக்குச் சொந்தமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் சிறிய டேனரி (தோல் பதனிடும் ஆலை) நடத்துகிறேன். கழிவுநீரில் குரோமியத்தைக் குறைக்க, வேலூரில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரும் அவருடைய மாணவரும் புது முறை ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள். செலவு என்னுடையது. காப்புரிமை யாருக்கு? ஒருவர் மூன்று லட்சம் கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: எழுதி வாங்காவிட்டால் உங்களுக்கு இல்லை. செலவு செய்ததால் மட்டும் உரிமை வந்துவிடாது. பல பல்கலைக்கழகங்களின் விதிப்படி உரிமை அவர்களுக்கே போகும். உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம். அது உங்களுக்கு மட்டுமா, பக்கத்து டேனரிக்கும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, தண்ணீர் சேர்க்காத குரோம் பதனிடும் முறை பல டேனரிகளுக்குப் போனது. பாலாற்றுக்கு அது நல்லது. ஆனால் போட்டியில் முந்த நினைப்பவர் தனக்கு மட்டும் உரிமம் வேண்டும் என்று பேச வேண்டும். கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இதெல்லாம் இருக்காது.

அந்த மூன்று லட்சக்காரரிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். இணையவழி மனுவுக்கு உங்களைப் போன்ற சிறு நிறுவனமும் கல்வி நிறுவனமும் கட்டுவது 1,600 ரூபாய், அதைக் காப்புரிமை அலுவலகம் பரிசோதிக்க 4,000. விண்ணப்பம் எழுதித் தரும் முகவருக்குத் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும். அவர் பதிவு பெற்றவரா என்று காப்புரிமை அலுவலகப் பட்டியலில் பாருங்கள். காப்புரிமை அலுவலக இதழில் 'வெளியானது' என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அது காப்புரிமை இல்லை. சாதாரணமாக 18 மாதம் ஆனால் எந்த விண்ணப்பமும் வெளியாகும். 31 மாதத்துக்குள் பரிசோதனை கோராவிட்டால் அந்த விண்ணப்பமே போச்சு.

அப்புறம், மாணவர் அவசரப்பட்டுக் கட்டுரை வெளியிட்டால் காப்புரிமைக்குத் தேவையான புதுமை கெட்டுவிடும். ஒரு விலக்கு உண்டு: கற்றறிந்தோர் சங்கத்தில் (துறை அறிஞர்களின் அமைப்பில்) கண்டுபிடித்தவரே கட்டுரை வாசித்தாலோ, அவர் சம்மதத்தோடு அந்தச் சங்கத்தின் நடவடிக்கைத் தொகுப்பில் அது வெளிவந்தாலோ, 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். சங்கம் என்றால் அப்படிப்பட்ட சங்கம்தான். சாதாரண ஆய்விதழ் இல்லை, கல்லூரி விழா இல்லை, யூடியூப் இல்லை. இதை நம்பி இருக்காதீர்கள், முதலில் தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிடுங்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும்.

பல்கலைக்கழக அலுவலகங்கள் ஒரு கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலைக்கழிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சின்ன முதலாளிகளைப் புரோக்கரிடம் தள்ளுவதே அந்தத் தாமதம்தான். ஆனாலும் ஒப்பந்தம் கைக்கு வராமல் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள். மாணவரும் கண்டுபிடித்தவர்தான். படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகுமுன் அவரிடமும் உரிமை மாற்றக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.