மோரிப்பில் படை இறக்கிய கப்பலில் ஓர் இளம் மாலுமிக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தாத்தா 19 வயதில் படை ஏற்றும் கப்பலில் மாலுமி. 1945-இல் மலாயாவின் (இன்றைய மலேசியா) மோரிப் கடற்கரையில் ஆள் இறக்கியவர். பிறகு பந்திங் பக்கத் தோட்டம் ஒன்றில் வேலைக்கு வந்துவிட்டார். குண்டே வெடிக்காத இடத்தில் கடற்படைக்காரருக்கு அப்படி என்ன பெரிய வேலை என்று வீட்டில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

வேலை ஏராளம். சுடுவதற்கு ஒருவருமே இல்லாவிட்டாலும் ஆள் சாகக்கூடிய வேலை அது.

முதலில் தேதி. மோரிப்பில் படை இறங்கியது 1945 செப்டம்பர் 9. ஜப்பானிடமிருந்து மலாயாவை மீட்கப் பிரிட்டன் போட்ட திட்டம் அது, 'ஆபரேஷன் ஜிப்பர்' என்று அதற்குப் பெயர். ஜப்பான் டோக்கியோ விரிகுடாவில் சரணடைந்து கையெழுத்துப் போட்டது செப்டம்பர் 2. அதற்கு முன் எங்கும் கரை இறங்கக்கூடாது என்பது நேசநாட்டுத் தலைமைத் தளபதி மெக்கார்தரின் உத்தரவு, அதனால் கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்தன. கையெழுத்து ஆன பிறகும் துறைமுகத்துக்குப் போகாமல் ஏன் திறந்த கடற்கரையில் இறங்கினார்கள்? காரணம் சரக்கு அடுக்கிய முறை. போருக்கு ஏற்றும் கப்பலில் முதலில் தேவைப்படும் பொருளைக் கடைசியில் ஏற்றுவார்கள், அப்போதுதான் அது மேலே இருக்கும். மோரிப்பில் எந்த லாரி எந்தப் படகில், எத்தனையாவது சுற்றில் போக வேண்டும் என்பதுவரை கணக்குப் போட்டு அடுக்கியாகிவிட்டது. அதை மாற்றி அடுக்கப் பெரிய துறைமுகமும் பல நாட்களும் வேண்டும். ஆகவே போட்ட திட்டப்படியே தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதி மவுன்ட்பேட்டன் இறக்கினார். மோரிப்பில் இறங்கியதில் பெரும்பங்கு 25-வது இந்திய டிவிஷன். போர்ட்டிக்சன் பக்கமும் படை இறங்கியது.

இனி தாத்தாவின் வேலை. பெரிய படைக்கப்பல் கரைக்கு வராது, வரவும் முடியாது. மோரிப் கடல் எவ்வளவு ஆழம் குறைந்தது என்று பந்திங்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொலைவில் நங்கூரம் போட்டு, இரண்டு பக்கமும் தொங்கும் படகுகளில்தான் ஆட்களை அனுப்புவார்கள். பிரிட்டிஷ் முறைக் கப்பல்களில் அந்தப் படகு பெரும்பாலும் எல்.சி.ஏ. (படைவீரர்களைக் கரையில் இறக்கும் சிறு படகு). நீளம் சுமார் 12.6 மீட்டர், அகலம் 3 மீட்டர். 65 குதிரைசக்தி ஃபோர்டு வி-8 பெட்ரோல் எஞ்சின் இரண்டு. ஆயுதத்தோடு 36 படைவீரர்கள் மூன்று வரிசையாக உட்காருவார்கள். படகை ஓட்டுபவர்கள் நால்வர்: சுக்கான் பிடிக்கும் காக்சன், இரண்டு மாலுமிகள், எஞ்சினைப் பார்க்கும் ஸ்டோக்கர். 19 வயதுக்காரர் அநேகமாக அந்த இரண்டு மாலுமிகளில் ஒருவராக இருந்திருப்பார்.

காலிப் படகே 9 டன். ஆள் ஏறினால் 13 டன்னை நெருங்கும். கப்பலின் மேல்தளத்தை ஒட்டி அதைத் தொங்கவிட்டு, ஆட்களை அங்கேயே ஏற்றி, முன்னும் பின்னும் இரண்டு கம்பிவடத்தில் கீழே இறக்குவார்கள். இரண்டு வடமும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். ஒன்று முந்தினால் படகு சாயும், உள்ளே இருப்பவர்கள் ஒரு பக்கமாகச் சரிவார்கள்.

தண்ணீரைத் தொடும் அந்தச் சில நொடிகள்தான் மாலுமியின் முழு வித்தையும். அலை ஏறும்போது படகு மிதக்கும், வடம் தொய்யும். அந்த நொடியில் கொக்கியைக் கழற்ற வேண்டும். தவறவிட்டால் அலை இறங்கும்போது 13 டன்னும் வெடுக்கென்று வடத்தில் தொங்கும். ஒரு கொக்கி கழன்று மற்றது மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம்: படகின் ஒரு முனை மேலே நிற்க, மறு முனை தண்ணீருக்குள் போகும். முன்னாலிருந்து நீரோட்டம் வந்தால் பின்கொக்கியை முதலில் விடுவார்கள். முன்கொக்கியை முதலில் விட்டால் ஓட்டம் படகின் மூக்கைத் தள்ளிக் குறுக்கே திருப்பிவிடும், படகு கவிழும். திரும்பி வந்து மாட்டும்போது நேர் எதிர், முன்கொக்கி முதலில். கழற்றிவிட்ட வடத்தின் கனமான இரும்புக் கப்பி கப்பல் ஆடுகிற ஆட்டத்துக்குத் தலை உயரத்தில் வீசியடிக்கும். மண்டை உடைந்ததும், கப்பிக்கும் கொக்கிக்கும் இடையே விரல் போனதும் இந்த வேலையில்தான். மலாக்கா நீரிணை அமைதியான கடல்தான். ஆனாலும் உயரமான கப்பலை ஒட்டி நிற்கும் சின்னப் படகுக்கு, மற்ற படகுகள் கிளப்பும் அலையே போதும்.

இதற்கான பயிற்சி எங்கே நடந்தது என்பதும் நம்மவர்களுக்குத் தெரிய வேண்டும். அன்றைய இந்தியக் கடற்படையின் இறங்குபடகுப் பயிற்சித் தளமான 'ஹம்லா' இருந்த இடம் மண்டபம், ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை. தாத்தா "மண்டபத்தில் டிரெயினிங்" என்று எப்போதாவது சொல்லியிருந்தால் அதை ஏதோ முகாம் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது பலமான தடயம்.

கரையில் நடந்ததுதான் மோரிப்பின் உண்மையான கதை. 1945 செப்டம்பர் 6 அமாவாசை. ஆகவே 9-ஆம் தேதி, கடல் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும் நாட்களில் விழுந்தது. கிள்ளான் பக்கக் கடலில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டர் வரை வித்தியாசம் வரும். இதைக் கணக்காகப் பாருங்கள். கடலடி 200 மீட்டருக்கு 1 மீட்டர்தான் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் முழுதாக வற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம். நடு இரண்டு மணி நேரத்தில்தான் வேகம் அதிகம், மணிக்கு சுமார் 1 மீட்டர். அப்படியென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர்க்கோடு 200 மீட்டர் பின்வாங்கும், நிமிடத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல்.

ஆள் நிறைந்த எல்.சி.ஏ.வின் பின்பகுதி தண்ணீருக்குள் சுமார் 70 சென்டிமீட்டர் இருக்கும். தரை தட்டியதும் முன்கதவு இறங்கும், 36 பேரும் ஓடுவார்கள், படகு இலேசாகும், உடனே பின்னால் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் தண்ணீர் படகைவிட்டுப் போய்விடும். அடுத்த ஏற்றம் வரும்வரை அது சேற்றில்தான். இதற்காகவே கரையை நெருங்கும் முன் பின்பக்க நங்கூரத்தைப் போட்டுக்கொண்டே வருவார்கள். திரும்பும்போது அந்தக் கயிற்றை இழுத்தால் படகு நேராகப் பின்வாங்கும். நங்கூரம் சேற்றில் பிடிக்காமல் உழுதுகொண்டு வந்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். கயிற்றைத் தொய்ய விட்டால் அது புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். அந்தக் கயிற்றைக் கையில் பிடித்து அளந்து விடுவதும் இளம் மாலுமியின் வேலைதான். சேற்றுத் தண்ணீர் இன்னொரு தொல்லை: கடல்நீரை உறிஞ்சிக் குளிரும் எஞ்சின் எதுவானாலும் வடிகட்டி அடைத்தால் சூடேறி நின்றுவிடும்.

வண்டிகள் பட்ட பாடு பெரிது. மேலே மணல், பார்த்தால் கெட்டி. கீழே சேறு. லாரியின் சக்கரம் மேல்தோலை உடைத்ததும் அச்சு வரை இறங்கியது. ஒன்று நின்றால் பின்னால் வந்தவை அதைச் சுற்றிப் போகப் பார்த்து அவையும் புதைந்தன. தண்ணீரில் இறங்குவதற்காக எஞ்சினின் மின்பாகங்களுக்குப் பசை பூசி, புகைக்குழாயை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், ஏற்றத்தில் மூழ்கிய வண்டிக்கு உதவாது. மோரிப்பில் நிறைய வண்டிகள் இப்படிப் போயின. ஜப்பான்காரன் அங்கே பீரங்கியோடு காத்திருந்தால் படை கடற்கரையிலேயே சிக்கியிருக்கும் என்பது பின்னால் வந்த பல ஆய்வாளர்களின் கணிப்பு. என் பார்வையும் அதுதான். 'சண்டை இல்லாத இறக்கம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் அந்தச் சேற்றில் படகு ஓட்டியவர்களுக்கு நியாயம் செய்யவில்லை.

கப்பலில் மற்ற நாட்கள்? நான்கு மணி நேர முறைக்காவல், மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரிப்பார்கள், அப்போதுதான் ஒரே ஆளுக்கு தினமும் ஒரே நேரம் விழாது. இரவில் ஒரு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது. தண்ணீர் அளந்துதான். மீதி நேரம் துரு சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும்.

தாத்தா சொன்னதைச் சரிபார்க்கச் சில வழிகள். வலையைப் பிடித்துக் கப்பல் பக்கமாக இறங்கினார்கள் என்றால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை: முதலில் படகைத் தண்ணீரில் இறக்கி, பிறகு ஆளை இறக்குவது. மேல்தளத்திலேயே படகில் ஏறினார்கள் என்றால் எல்.சி.ஏ. 'பெட்ரோல் வாடை' என்றாலும் எல்.சி.ஏ. பக்கம்தான் சாயும். அமெரிக்கப் படகான எல்.சி.வி.பி.யில் பெரும்பாலும் 225 குதிரைசக்தி டீசல் எஞ்சின். கதவு திறந்து லாரிகள் நேரே இறங்கின என்றால் அவர் இருந்தது எல்.எஸ்.டி. அது வேறு வகைக் கப்பல், கரையிலேயே மூக்கை வைக்கும்.

பெட்டியில் பதக்கம் இருந்தால் பாருங்கள். 'பர்மா ஸ்டார்' என்ற போர்ப் பதக்கத்துக்கான சேவைக் கணக்கு 1945 செப்டம்பர் 2-உடன் முடிகிறது. மோரிப் இறக்கம் அதற்கு ஒரு வாரம் பின்னால். ஆகவே அது இருந்தால், மோரிப்புக்கு முன்பே அவர் வங்காள விரிகுடாப் பக்கம் பணியில் இருந்திருக்கிறார். சேவைத்தாள் இருந்தால் அதில் கப்பல் பெயர்களும் சேர்ந்த, விலகிய தேதிகளும் வரிசையாக இருக்கும். செப்டம்பர் 9 எந்தக் கப்பலின் வரிசையில் விழுகிறது என்று பாருங்கள். கரைத்தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பார்கள், அதனால் 'ஹம்லா' என்று கண்டால் அதைக் கப்பல் என்று எடுத்துக்கொண்டு தேடாதீர்கள்.