புயல் அடிச்ச கடலோர கிராமங்களுக்கு நிவாரணமா என்ன கொண்டு போகலாம், யார்கிட்ட கொடுக்கலாம்?

நண்பர்களா சேர்ந்து ஒரு வண்டி பிடிச்சு போகப்போறீங்கன்னு நெனச்சு சொல்றேன். எனக்கு வேதாரண்யம் பக்கம் ஒரு மீனவ கிராமம், 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள கஜா புயல் எங்க தலைமேலதான் கரை ஏறுச்சு.

தயவுசெஞ்சு பழைய துணி வேண்டாம். மூட்டை மூட்டையா வந்து எறங்குச்சு, கிழிஞ்ச நைட்டி, ஜிப் போன பேண்ட். கடல்ல உழைச்சு சாப்பிடுற ஜனங்க நாங்க. ரோட்ட மறிச்சு நிவாரண வண்டிய பிடுங்குறாங்கன்னு எங்களப் பத்தி பேசினாங்களே, உள்ள இருக்குற ஊருக்கு ஒரு வண்டியும் வராம மெயின் ரோட்டுலயே எல்லாம் காலியானா புள்ளைய வச்சிருக்கவ ரோட்டுக்கு வராம என்ன பண்ணுவா?

தார்ப்பாய்தான் மொதல்ல. கீத்து, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் எதுவும் நிக்கல, அதுக்கப்புறம் மழை வேற. அரிசி மட்டும் கொடுத்தா எதுல பொங்குறது, விறகெல்லாம் நனைஞ்சு கெடக்கும், அதனால ஸ்டவ்வும் பாத்திரமும் சேத்து கொண்டு போங்க. கொசுவத்தி, டார்ச், நாப்கின். கஜா அப்போ டெல்டா முழுக்க லட்சத்துக்கு மேல கரண்ட் போஸ்ட் சாஞ்சு டேங்க்குக்கு தண்ணி ஏத்த வழியில்லாம போச்சு, அதனால வாடகைக்கு ஒரு ஜெனரேட்டரும் டீசலும் கொண்டு வந்தா ஊருக்கே தண்ணி, செல்லுக்கும் சார்ஜ்.

கெளம்புறதுக்கு முன்னாடி ஊர் பஞ்சாயத்தார்கிட்ட போன்ல பேசிருங்க. மீனவ ஊர்ல பொருள மொத்தமா வாங்கி தலைக்கட்டு கணக்குல, அதாவது ஊருக்கு வரி கட்டுற குடும்பக் கணக்குல பிரிப்பாங்க, அடிதடி இருக்காது. ஆனா வரி கட்டுற ஆம்பள இல்லாத வீடு விட்டுப்போகும், எங்க அத்தைக்கு அப்படித்தான் ஆச்சு. ஊர்க்காரனே ஊர குறை சொல்றான்னு யாரும் கெளம்பி வராதீங்க, பஞ்சாயத்து இல்லன்னா இன்னும் மோசம், புருஷன் இல்லாத பொம்பளைங்க பேரு லிஸ்ட்ல இருக்கான்னு கேட்டு வாங்குங்கன்னுதான் சொல்றேன். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பக்கம் உப்பளத்துல கூலிக்கு போறவங்களையும் பாருங்க, அவங்களுக்கு போட்டும் கெடையாது நெலமும் கெடையாது, நஷ்டம்னு எதைக் காட்டுவாங்க?

இன்னொன்னு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. கஜா அடிச்சப்போ கடல் கொண்டாந்து கொட்டுன சேத்துல போட்டும் வலையும் புதைஞ்சு கெடந்துச்சு, மகளிர் குழு லோன் தவணைக்கு ஆள் வந்து வாசல்ல உக்காந்துட்டான். பொழுது சாஞ்சும் எழுந்திரிக்கல. வீட்ல கூரையே இல்ல சார், அவன் நோட்ட நீட்டுறான்.

எந்த ஊருக்கு போறீங்கன்னு கமெண்ட்ல போடுங்க, நாகை, வேதாரண்யம் பக்கம்னா உள்ள வண்டி போற வழிய சொல்றேன்.