கேஸ் பாய்லருக்கு வைஃபை: எதை வாங்குவது, எப்படி இணைப்பது?

கேள்வி: வீட்டைச் சூடாக்க கேஸ் பாய்லர் வைத்திருக்கிறோம். அதில் வைஃபை கிடையாது. கைப்பேசியிலிருந்தே வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் புது பாய்லர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. அறை வெப்பத்தைப் பார்த்து பாய்லரை எரிக்கவும் அணைக்கவும் சொல்லும் கருவிதான் தெர்மோஸ்டாட். சுவரில் மாட்டும் பாய்லர்களில் அறைத் தெர்மோஸ்டாட்டுக்கென்றே இரண்டு மின்முனைகள் விட்டிருப்பார்கள். வைஃபை தெர்மோஸ்டாட் வேலை செய்வதும் அந்த முனைகள் வழியாகத்தான். எனவே எந்தத் தெர்மோஸ்டாட் அழகு, எந்தச் செயலி வசதி என்று பார்க்கத் தொடங்கும் முன், உங்கள் பாய்லர் எந்த முறையில் கட்டளை வாங்கும் என்று பாருங்கள். வாங்கிய பிறகு திருப்பி அனுப்ப நேர்வது இதைப் பார்க்காததால்தான்.

பாய்லரின் அடியிலோ முன்மூடியின் உட்புறத்திலோ உள்ள தகட்டில் மாடல் எண் இருக்கும். அதை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் நிறுவுநருக்கான கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பயனர் கையேடு போதாது, மின் இணைப்புப் படம் அதில் பெரும்பாலும் இருக்காது. படத்தில் கீழ்க்கண்ட நான்கில் ஒன்று தென்படும்.

ஒன்று, மின்னழுத்தமில்லா தொடர்பு. இரண்டு முனைகளும் சேர்ந்தால் பாய்லர் எரியும், பிரிந்தால் நிற்கும். அந்த முனைகளில் பாய்லரே தரும் சிறிய மின்னழுத்தம் மட்டும் இருக்கும், பல மாடல்களில் 24 வோல்ட் அளவில். வெளியிலிருந்து மின்சாரம் எதையும் அங்கே தரக்கூடாது.

இரண்டு, 230 வோல்ட் ஸ்விட்ச். ஒரு முனையிலிருந்து ஃபேஸ் வெளியே வந்து, தெர்மோஸ்டாட் வழியாக மறு முனைக்குத் திரும்பும்.

மூன்று, ஓப்பன்தெர்ம் என்ற பொது முறை, பல நிறுவனங்களின் கருவிகளும் பேசக்கூடியது. இரண்டே ஒயர், எதை எங்கே மாட்டினாலும் சரி, 50 மீட்டர் வரை போகலாம். இதில் தெர்மோஸ்டாட் வெறுமனே ஆன், ஆஃப் சொல்லாமல், 'தண்ணீரை இத்தனை டிகிரிக்குச் சூடாக்கு' என்று பாய்லரிடம் சொல்லும்.

நான்கு, தயாரிப்பாளரின் சொந்த மொழி. வைலன்ட் பாய்லர்களில் ஈபஸ், பாஷ் மற்றும் புடெரஸில் ஈஎம்எஸ், அரிஸ்டனில் பிரிட்ஜ்நெட். இவற்றோடு முழுதாகப் பேச அந்தந்த நிறுவனத்தின் தெர்மோஸ்டாட்டோ இணைய மாட்யூலோதான் சரிப்படும். ஆனால் இத்தகைய பாய்லர்கள் பலவற்றில் சாதாரண ஆன்-ஆஃப் முனைகளும் தனியாக உண்டு. படத்தின் அடுத்த பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

இந்த நான்கும் இல்லாத பாய்லர்களும் உண்டு. பைலட் சுடர் எரிந்துகொண்டே இருக்கும் பழைய தரை பாய்லர்களில், சிட் நிறுவனத்தின் 630 யூரோசிட் போன்ற மின்சாரமே தேவைப்படாத கேஸ் வால்வு இருக்கும். குமிழைத் திருப்புவது தவிர அதற்கு வேறு வழி தெரியாது. அதற்கு வைஃபை தெர்மோஸ்டாட் வாங்குவது வீண் செலவு. வால்வை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பர்னர், வால்வு, பாதுகாப்புக் கருவி மூன்றும் தயாரிப்பாளர் ஒன்றாகச் சோதித்து அனுமதித்த தொகுப்பு. அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த அனுமதிக்கு அர்த்தமில்லை.

கேள்வி: ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கி பாய்லரின் மின் இணைப்பையே அதில் செருகிவிட்டால் என்ன? மலிவாக முடிந்துவிடுமே.

பதில்: வேண்டாம். பாய்லருக்கு மின்சாரத்தை வெட்டுவதும் அதை அணைப்பதும் வேறு வேறு. சுடர் அணைந்த பிறகும் பம்ப் சில நிமிடங்கள் ஓடி, சுடரின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகமான வெப்பமாற்றியில் தேங்கிய சூட்டை வெளியேற்ற வேண்டும். மின்சாரத்தைத் திடீரென்று பிடுங்கினால் அந்தச் சூடு அங்கேயே நிற்கும். நின்ற தண்ணீர் கொதித்து, அதிவெப்பப் பாதுகாப்பு பாய்லரைப் பூட்டிவிடலாம். அடிக்கடி நடந்தால் வெப்பமாற்றியில் சுண்ணாம்புப் படிவு சேரும்.

மின்சாரம் இல்லாத பாய்லருக்கு உறைபனிப் பாதுகாப்பும் கிடையாது. குழாய்த் தண்ணீர் மிகவும் குளிர்ந்தால் தானே சற்று நேரம் எரிந்துகொள்ளும் வசதி அது. நெடுநாள் ஓடாத பம்ப் இறுகிப் போகாமல் அவ்வப்போது சுழற்றிவிடும் வசதியும் சேர்ந்தே போகும். வீடு பூட்டியிருக்கும்போதுதான் கைப்பேசிக் கட்டுப்பாடு அதிகம் தேவைப்படுகிறது. அதே நேரத்தில்தான் இந்த இரண்டு பாதுகாப்பும் தேவை.

இன்னொன்று: சுடர் இருக்கிறதா என்று அயனி மின்னோட்டத்தால் அறியும் பாய்லர்கள் பலவற்றுக்கு ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறக்கூடாது. மாற்றிச் செருகினால் எரியத் தொடங்கி, சுடர் இல்லை என்று நினைத்துக்கொண்டு அணைந்துவிடும்.

கேள்வி: வைஃபை ரிலே ஒன்று, அதாவது கைப்பேசியால் இயக்கும் சிறு ஸ்விட்ச், வைத்திருக்கிறேன். அதை பாய்லரின் தெர்மோஸ்டாட் முனைகளில் மாட்டலாமா?

பதில்: ரிலேயின் தொடர்பு தனியாக விடப்பட்டதா என்பதுதான் கேள்வி. ஷெல்லி என்ற பிராண்டின் ஷெல்லி 1 மாடலில் தொடர்பு முனைகள் தனியாக இருக்கின்றன, மின்சாரம் கலக்காது. அதே வரிசையில் வரும் ஷெல்லி 1பிஎம் அப்படியல்ல, உள்ளே வரும் ஃபேஸையே வெளியே அனுப்பும். விளக்குக்காக விற்கும் மலிவு ரிலேக்களில் பலவும் இந்த இரண்டாம் வகைதான். அதை 24 வோல்ட் முனையிலோ ஓப்பன்தெர்ம் முனையிலோ மாட்டினால் பாய்லரின் சர்க்யூட் போர்டு அந்தக் கணமே போய்விடும். பாய்லரில் விலை கூடிய உதிரிபாகங்களில் அது ஒன்று, வாரண்டியும் உதவாது.

தொடர்பு தனியாக இருந்தாலும் வெறும் ரிலே தெர்மோஸ்டாட் ஆகிவிடாது. 'ஆன்' சொன்ன பிறகு வைஃபை அறுந்தால் அது ஆனிலேயே நிற்கும், வீடு காய்ந்துகொண்டே இருக்கும். ரிலேயிலேயே தானாக அணையும் நேரத்தை 20 அல்லது 30 நிமிடமாக வைத்து, வெப்பம் தேவைப்படும் வரை கட்டளை திரும்பத் திரும்பப் போகும்படி அமைத்தால் இந்த ஆபத்து குறையும். இதையெல்லாம் நீங்களே கட்டிப் பராமரிக்கத் தயாரில்லை என்றால், சொந்த வெப்ப உணரியுள்ள தெர்மோஸ்டாட்டையே வாங்குங்கள்.

கேள்வி: ஓப்பன்தெர்ம் உள்ள தெர்மோஸ்டாட் விலை அதிகமாக இருக்கிறது. கூடுதல் காசுக்கு மதிப்பு உண்டா?

பதில்: உங்களிடம் கண்டென்சிங் பாய்லர் இருந்தால் உண்டு. அது சிக்கனமாக எரிவதே, புகையில் உள்ள நீராவி வெப்பமாற்றியில் குளிர்ந்து நீராகும்போதுதான். இயற்கை எரிவாயுவில் அது நடக்க, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரிலிருந்து பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டால் தண்ணீரின் வெப்பத்தைத் தொட முடியாது. பாய்லர் குமிழில் 75 வைத்திருந்தால் குளிர் குறைந்த நாளிலும் 75தான். ஓப்பன்தெர்ம் அன்றைய தேவையைப் பார்த்து 45 போதும் என்று குறைக்கும். அறை வெப்பம் ஏறி இறங்குவதும் வெகுவாக அடங்கும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பாய்லரின் மிகக் குறைந்த திறனே உங்கள் வீட்டின் தேவையைவிட அதிகமானால், ஓப்பன்தெர்ம் இருந்தும் அது எரிந்து அணைந்து எரிந்துகொண்டுதான் இருக்கும். குறைந்தபட்சத் திறன் எத்தனை கிலோவாட் என்று கையேட்டில் பாருங்கள். அடுத்தது, கண்டென்சிங் அல்லாத பாய்லர். அதில் தண்ணீரை மிகவும் குளிர்ந்த நிலையில் ஓட்டினால் அமிலத்தன்மையுள்ள நீர் வெப்பமாற்றியில் படிந்து அரிக்கும். அத்தகைய பாய்லருக்கு ஓப்பன்தெர்ம் மாட்டினால், தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச நீர்வெப்பத்தை தெர்மோஸ்டாட்டில் கட்டாயம் பதியுங்கள்.

விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: 'இந்த மாடல் என் பாய்லரின் நீர்வெப்பத்தை மாற்றுமா, வெறும் ஆன்-ஆஃப் மட்டுமா?' பதில் எழுத்தில் வரட்டும்.

கேள்வி: நிறுவும் வேலை எப்படி நடக்கும்? நானே செய்யலாமா?

பதில்: தெர்மோஸ்டாட் முனைகள் பல மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும், கேஸ் பகுதியைத் தொடாமலே எட்டலாம். சில பாய்லர்களில் முன்மூடியே எரியறையின் அடைப்பாகவும் இருக்கும். அதைக் கழற்றி மாட்டும் வேலை கேஸ் வேலைக்கு உரிமம் பெற்றவருடையது. சட்டம் முழு வேலைக்குமே உரிமம் கேட்கும் இடங்களும் உண்டு, முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் செய்தாலும் வரிசை தெரிந்திருந்தால் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கலாம்.

முதலில் பாய்லரின் மின்சாரத்தைச் சுவர் ஸ்விட்சிலோ பிரேக்கரிலோ அணைத்து, மல்டிமீட்டரால் உறுதி செய்ய வேண்டும். பழைய ஒயர்கள் எந்த முனையில் இருந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை தெர்மோஸ்டாட்டே இல்லாத பாய்லர் என்றால் அந்த இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு சிறு கம்பித்துண்டு, அதாவது ஜம்பர் இருக்கும். அதைக் கழற்ற வேண்டும். ஜம்பரை விட்டுவிட்டுத் தெர்மோஸ்டாட்டை மாட்டினால், செயலியில் 'ஆஃப்' என்று காட்டினாலும் பாய்லர் எரிந்துகொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் பழுது என்று திருப்பி அனுப்பும் முன் இதை ஒருமுறை பாருங்கள்.

குறைந்த மின்னழுத்த இணைப்புக்கு 0.5 முதல் 0.75 சதுர மி.மீ. வரையுள்ள இரட்டை ஒயர் போதும். 230 வோல்ட் கேபிளுடன் ஒரே குழாயில் இழுக்கக்கூடாது. வேறு வழியே இல்லை, பக்கத்தில்தான் போக வேண்டும் என்றால் கவசமுள்ள ஒயர் வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட் எதிலிருந்து மின்சாரம் எடுக்கும் என்பது பலரும் மறக்கும் விஷயம். பழைய தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு ஒயர் மட்டும் வந்திருக்கும், புதியதற்கோ தனி மின்சாரம் தேவைப்படும். இரண்டு பாகமாக வரும் தொகுப்பு அங்கே வசதி: பாய்லர் அருகே மின்சாரத்தில் ஓடும் ரிசீவர், அறையில் பேட்டரியில் ஓடும் தெர்மோஸ்டாட், இரண்டுக்கும் நடுவே 868 மெகாஹெர்ட்ஸ் போன்ற ரேடியோ. வைஃபையை நேராகப் பேட்டரியில் ஓட்டும் மாடல்களில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

தெர்மோஸ்டாட்டைத் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், உட்சுவரில், ரேடியேட்டரும் வெயிலும் கதவுக் காற்றும் படாத இடத்தில் மாட்டுங்கள். அதே அறை ரேடியேட்டரில் தானியங்கி வால்வு இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள். இல்லாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும், அறை சூடாகாது, தெர்மோஸ்டாட் பாய்லரை விடாமல் எரிக்கும்.

மின்சாரம் கொடுத்த பின் அறை வெப்பத்தைவிட 3 டிகிரி கூட்டி வையுங்கள், பாய்லர் எரிய வேண்டும். 3 டிகிரி குறைத்து வையுங்கள், சுடர் அணைந்து பம்ப் மட்டும் கொஞ்சம் ஓட வேண்டும். அடிக்கடி எரிந்து அணைந்தால் வெப்ப வித்தியாச அளவை, அதாவது வைத்த வெப்பத்திலிருந்து அறை எவ்வளவு விலகினால் பாய்லருக்குக் கட்டளை போகும் என்பதை, 0.2இலிருந்து 0.5 டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் தெர்மோஸ்டாட் வைஃபையில் சேர மறுக்கிறது.

பதில்: பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் அறியும். ரௌட்டர் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில மாடல்கள் இணைப்பின்போது குழம்பும். இணைத்து முடியும் வரை 5ஐ அணைத்து வையுங்கள். ரௌட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2வும் சேர்ந்த நிலைக்கு மாற்றுங்கள். கைப்பேசியில் விபிஎன்னை நிறுத்தி, இருப்பிட அனுமதி கொடுங்கள். விருந்தினர் நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள், அமைக்கும்போது அது இடைஞ்சல் செய்யும்.

சேர்ந்து பின்பு அறுந்து அறுந்து போனால் சிக்னலைப் பாருங்கள். பாய்லரின் உலோக உடலுக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ ரிசீவரை மாட்டியிருந்தால் ஒரு மீட்டர் தள்ளி வைப்பதே போதுமான மருந்து. செயலி காட்டும் சிக்னல் அளவு மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே, அதாவது மைனஸ் 80 போல, இறங்கினால் நம்ப முடியாது.

கேள்வி: இணையம் போனாலோ, நிறுவனம் சேவையை நிறுத்தினாலோ வீடு குளிர்ந்துவிடுமா?

பதில்: இதை வாங்கும் முன்பே கேட்டது நல்லது. நேர அட்டவணை கருவிக்குள்ளேயே சேமிக்கப்பட்டால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும், கைப்பேசியில் மட்டும் தெரியாது. அட்டவணை நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருக்கும் மாடலை வாங்காதீர்கள். கடையிலோ நண்பர் வீட்டிலோ ரௌட்டரை அணைத்துச் சோதித்துப் பார்க்கலாம். சுவரிலேயே தொட்டு வெப்பத்தை மாற்றும் பொத்தானோ வளையமோ கட்டாயம் இருக்கட்டும்.

சேவை நிற்பது வெறும் பயமல்ல. கூகுள் தன் முதல், இரண்டாம் தலைமுறை நெஸ்ட் லேர்னிங் தெர்மோஸ்டாட்களுக்கான ஆதரவை 2025 அக்டோபர் 25 அன்று நிறுத்தியது. சுவரில் கையால் இயக்கலாம், செயலியில் இல்லை. பாய்லர் 15 ஆண்டு ஓடலாம், செயலி அவ்வளவு நாள் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஓப்பன்தெர்ம் போன்ற பொது முறையில் பேசும் கருவி என்றால், நாளை வேறு நிறுவனத்துடையதை அதே இரண்டு ஒயரில் மாட்டிக்கொள்ளலாம்.

மின்சாரமே போனால் பாய்லரும் நிற்கும். ரௌட்டருக்கு மட்டும் யூபிஎஸ் வைத்துப் பயனில்லை.

கேள்வி: ஊரில் இல்லாதபோது பாய்லர் பழுதுக் குறி காட்டினால் கைப்பேசியிலிருந்தே ரீசெட் செய்யலாமா?

பதில்: சில கருவிகள் அந்த வசதி தருகின்றன. ஒருமுறை செய்து பார்க்கலாம். மீண்டும் அதே குறி வந்தால் நிறுத்திவிடுங்கள். எரியூட்டல் தோற்றுப் பூட்டிக்கொண்ட பாய்லரைத் திரும்பத் திரும்பத் தூண்டினால் எரியாத கேஸ் எரியறையில் சேர வாய்ப்பு உண்டு. வீட்டில் இருப்பவர் கேஸ் வாசனை என்று சொன்னால் செயலியைத் தொடவே கூடாது. எந்த ஸ்விட்சையும் போடாமல் மீட்டர் அருகே கேஸ் வால்வை மூடி, வெளியே வந்து, கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் பாய்லர் எரியப் போகிறது என்பதால், அதற்கான அலாரம் ஒன்றையும் தெர்மோஸ்டாட்டுடன் சேர்த்தே வாங்கி மாட்டுங்கள்.