கேளுங்கள் சொல்கிறோம்: யாழ்ப்பாணத்துப் பத்திரிசியார்

கேள்வி: யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி என்கிறார்கள், உள்ளே பார்த்தால் அரைக்கால் சட்டைப் பையன்கள். அது பள்ளியா, கல்லூரியா? அயர்லாந்துப் புனிதருக்கு அங்கே என்ன வேலை? (திருச்சி வாசகர்)

பள்ளிக்கூடம்தான், ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். இலங்கையில் பழைய பள்ளிகள் பலவற்றின் பெயரில் 'கல்லூரி' ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து பட்டப்படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புராட்டஸ்டண்டுகளான அமெரிக்க மிஷன்காரர்கள் 1823இலேயே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கி ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள், கத்தோலிக்கர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1850இல் கத்தோலிக்க ஆயர் பெத்தாக்கினி ஆண்டகை இதைத் தொடங்கினார். அவர் இத்தாலிக்காரர். ஆனால் அதன்பின் பொறுப்பேற்ற அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரில் அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்கள், 1881இல் வைத்த பெயரும் அவர்கள் நாட்டுப் பாதுகாவலருடையதுதான்.

கேள்வி: கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடமா? (வவுனியா வாசகி)

இல்லை. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கிய ஜி. ஜி. பொன்னம்பலம் இந்து, அவர் படித்தது இங்கேதான். கத்தோலிக்கர்களில் சொல்வதென்றால் தனிநாயகம் அடிகளார், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட அலைந்தவர், அவரும் பழைய மாணவர். 1960 வாக்கில் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது, கட்டணம் வாங்க முடியாது என்று தெரிந்தும் தனியாகவே நிற்கிறோம் என்று சொன்ன சில பள்ளிகளில் இதுவும் ஒன்று. பிடிவாதம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த பிடிவாதம்.

கேள்வி: யாழ் நூலகத்துக்குப் போனேன். சரஸ்வதி சிலை இருக்கிறது, சரி. ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் சிலையும் நிற்கிறதே, யார் அவர்? (சென்னை வாசகர்)

அவர்தான் லோங் அடிகளார், பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த அயர்லாந்துக்காரர். 1930களில் க. மு. செல்லப்பா தன் வீட்டில் சின்னதாக ஆரம்பித்த வாசிகசாலை வளர்ந்து இடம் போதாமல் போனதும், பெரிய கட்டடம் வேண்டும் என்று நகர மேயர் சாம் சபாபதியோடு சேர்ந்து முன்நின்றவர் இவர். நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்ல இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வந்தார், கட்டடத்தை வரைந்தது சென்னையைச் சேர்ந்த நரசிம்மன், 1954இல் அடிக்கல், 1959இல் திறப்பு. பள்ளிக்கூடம் நடத்த வந்த மனிதர் ஊருக்கே நூலகம் கட்ட ஓடியிருக்கிறார், அதுவும் எல்லாச் சமயத்தாரும் வந்து படிக்கிற நூலகம். சிலை சும்மா வைக்கவில்லை.

இதில் இன்னொரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் அந்த நூலகத்துக்குத் தீ வைத்தார்கள், சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போயின. பல மொழிகள் கற்ற தாவீது அடிகள் அப்போது பத்திரிசியாரில் தங்கியிருந்தார். மாடியில் நின்று நூலகம் எரிவதைப் பார்த்தவர் அங்கேயே சரிந்து விழுந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கேள்வி: 'பொன் அணிகளின் போர்' இவர்களுடையதுதானே? வடக்கின் பெரும் சமர் வேறா? (மட்டக்களப்பு மாணவர்)

வேறுதான் தம்பி. பெரும் சமர் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும். பொன் அணிகள் என்றால் பத்திரிசியாரும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும், இரண்டு பேர் நிறத்திலும் பொன் இருப்பதால் அந்தப் பெயர். இரண்டும் கிரிக்கெட்தான். ஆனால் பத்திரிசியார் இருக்கிற குருநகர்ப் பக்கத்துப் பையன்களிடம் போய்க் கேட்டால் முதலில் உதைபந்தாட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.