பெட்டியில் 7,500 பக்கம், கையில் 640 போட்டோ

கேள்வி: சென்ற தீபாவளிக்கு இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றை 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுப் போட்டோக்களை 4×6 அளவில் போடத்தான் வாங்கியது. அக்கம்பக்கத்தாருக்கு எப்போதாவது பாஸ்போர்ட் போட்டோவும் போட்டுக் கொடுப்பேன், அதற்குக் காசு வாங்குவதுண்டு. பெட்டியில் ‘கலர் 7,500 பக்கம்’ என்று போட்டிருந்தது. 640 போட்டோவிலேயே மூன்று கலரும் காலி. புது பாட்டில் மூன்றும் சேர்த்து 1,650 ரூபாய் என்பதால் ஒரு முறை வெளி இங்க் ஊற்றினேன். மார்ச் மாதத்திலிருந்து போட்டோ பேப்பரை இழுக்க மறுக்கிறது, இழுத்தால் இரண்டு மூன்றாக இழுக்கிறது. சர்வீஸ் சென்டரில் ‘வெளி இங்க் ஊத்திட்டீங்க, வாரண்டி போச்சு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போடலாம். ஆனால் உங்களுக்கு ஆத்திரம் 7,500-இன் மேல். வழக்கின் பலம் இருப்பதோ பேப்பர் இழுக்காத ரோலரில்.

முதலில் 7,500. ஒரு பொருளின் திறன், ஆயுள் பற்றி முறையான சோதனை இல்லாமல் உத்தரவாதம் தந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி அது நியாயமற்ற வணிக நடைமுறை. ‘சோதித்துத்தான் சொன்னோம்’ என்று நிறுவனம் சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியதும் நிறுவனமே. கேட்க இனிப்பாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அவர்கள் நிரூபித்துவிடுவார்கள். கலர் இங்க்ஜெட்டில் பக்கக் கணக்கு பார்க்க ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்றொரு தர அளவுகோல் உண்டு. அதற்கான மாதிரிப் பக்கங்கள், வெள்ளை இடம் நிறைய விட்ட அலுவலகத் தாள்கள். அவற்றைச் சாதாரணத் தாளில் தொடர்ச்சியாக அடித்துத்தான் எண்ணுகிறார்கள். உங்கள் 4×6 போட்டோ பரப்பில் ஏ4 தாளின் கால்வாசிதான் என்றாலும் ஓரம்வரை மை. தவிர, முதல் தடவை ஊற்றிய மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போயிருக்கும். வாரக்கணக்கில் சும்மா கிடந்து, எடுக்கும்போதெல்லாம் ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்வது) கொடுத்திருந்தால், அந்த மை கழிவு மை பஞ்சுக்குள் போய்விட்டது.

போட்டோவுக்கென்றே 29102 என்று தனி அளவுகோல் இருக்கிறது. உங்கள் பெட்டியில் எந்த எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 7,500-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி நிச்சயம் இருக்கும். அந்தக் குறிக்குரிய விளக்கம் எங்கே, எந்த அளவு எழுத்தில் இருக்கிறது? 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், பொறுப்புத் துறப்பு வாசகம் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. பெட்டியின் முகப்பில் கலர் போட்டோ படமும் 7,500-ம், விளக்கம் மட்டும் அடிப்பாகத்தில் எறும்பு எழுத்தில் என்றால், வாதாட இடமிருக்கிறது. அட்டைப்பெட்டி வீட்டில் இருக்கிறதா? என்னிடம் வந்த ஒருவர் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, போனில் எடுத்த மங்கலான படத்தோடு வந்து நின்றார்.

அப்படியே வென்றாலும், ‘உங்களுக்கு நஷ்டம் எவ்வளவு?’ என்று நுகர்வோர் ஆணையம் கேட்கும். 1,650-ஐ 640-ஆல் வகுத்தால் ஒரு போட்டோவுக்கு மை 2 ரூபாய் 58 பைசா. பேப்பர் செலவைச் சேர்த்து, உங்கள் ஊர் ஸ்டூடியோ வாங்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் ஒப்பிடுவார்.

இப்போது ரோலர். வாரண்டி அட்டையில் பெரும்பாலும் ‘பிற நிறுவன மையால் ஏற்படும் சேதம்’ விலக்கு என்றுதான் இருக்கும். மையால் ஏற்பட்ட சேதம் என்பது ஒன்று, வெளி மை ஊற்றினாலே வாரண்டி ரத்து என்பது வேறொன்று. ஹெட் அடைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். தாளைப் பிடித்து இழுக்கும் ரப்பர் ரோலரை மை தொடுவதே இல்லையே! என்ன பழுது, அதற்கும் மைக்கும் என்ன தொடர்பு என்று எழுதாமல் திருப்பி அனுப்பியது சேவைக் குறைபாடு. உங்கள் அட்டையின் வாசகம் இதைவிடக் கடுமையாக இருந்தால் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று மனுவில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்தக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

காசு வாங்கிப் போட்டோ போட்டதை மறைக்க வேண்டாம். ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை’ என்பதுதான் அவர்களுடைய முதல் ஆட்சேபணையாக இருக்கும். 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில் (எதிர்த்தரப்பு கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்) உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை அலசியபோது தட்டச்சுப் பொறியையே உதாரணம் காட்டியது: சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர்தான். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளில் எப்போதோ நாலு பேருக்குப் போட்டுக் கொடுத்ததால் நீங்கள் ஸ்டூடியோக்காரர் ஆகிவிட மாட்டீர்கள்.

செய்ய வேண்டியது: பிரிண்டரைத் தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டிப் பிரிக்காதீர்கள். ஆணையம் பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் பிரித்த பொருள் உங்களுக்கே வினை. திரும்பவும் சர்வீஸ் சென்டருக்குப் போய் ஜாப் ஷீட் (என்ன பழுது என்று அவர்கள் எழுதித் தரும் தாள்) கேளுங்கள். தராவிட்டால் அன்றே நிறுவனத்துக்கு ‘இன்று கொண்டுவந்தேன், இன்ன காரணம் சொல்லி மறுத்தார்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு நிறுவனம், விற்ற கடை இரண்டுக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வருகின்றன. மசியாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குப் போட அதே 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. முதல் கோரிக்கையாக ரோலர் பழுதை இலவசமாக நீக்கவோ பிரிண்டரை மாற்றித் தரவோ கேளுங்கள், 7,500 விவகாரத்தை இரண்டாவதாக வையுங்கள்.

காலவரம்பு 2 ஆண்டு. மார்ச்சிலிருந்து பழுது என்று எழுதியிருக்கிறீர்கள், சர்வீஸ் சென்டர் மறுத்த தேதி இல்லை. சர்வீஸ் சென்டருக்குப் போட்ட போன் அழைப்பின் பதிவு உங்கள் போனில் இன்னும் இருந்தால், இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.